வயரில் செம்பு உருண்டை இருந்தால் மின்கசிவுதானா? தீயின் காரணத்தை எப்படித் தேடுவது?

அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்று இரவில் எரிந்துபோயிருக்கிறது. இடிபாட்டில் கிடைத்த ஒரு வயரின் நுனியில் செம்பு உருகி, சிறு உருண்டையாக நிற்கிறது. "மின்கசிவு என்று எழுதி முடியுங்கள்" என்கிறார்களாம். தீப்பாதுகாப்புப் பொறியாளராகப் புதிதாகச் சேர்ந்தவர் கேட்கிறார்: அந்த உருண்டை ஒன்றே போதுமா? போதாதென்றால் வேறு எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

போதாது. மின்பொறியில் உருகியதே என்று வைத்துக்கொண்டாலும், அந்த உருண்டை உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: சூடு அந்த இடத்துக்கு வந்தபோது வயரில் மின்சாரம் இருந்தது. கிடங்கு எதனால் எரிந்தாலும், மின்சாரம் துண்டிக்கப்படும்வரை இன்சுலேஷன் உருகிய இடத்திலெல்லாம் ஃபேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொள்ளும், பொறி பறக்கும், செம்பு உருண்டை ஆகும். பீடி நெருப்பில் தொடங்கிய தீயிலும் அதே உருண்டை கிடைக்கும். அது தீயை உண்டாக்கியதா, தீயில் அகப்பட்டதா என்பதை உருண்டையைத் தனியாக வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

முதலில் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மின்சாரத்தால் பிடித்த தீ எதுவானாலும் நம் நாளிதழ்களில் அதற்கு 'மின்கசிவு' என்ற ஒரே பெயர்தான். பேச்சுக்கு அது போதும். விசாரணையில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குள் நான்கு வேறு கோளாறுகள் இருக்கின்றன; நான்கும் நான்கு விதமாகச் சூடாகும், நான்கு விதமான தடயம் விடும்.

குறுக்குச்சுற்றில் (ஷார்ட் சர்க்யூட்) மின்னோட்டம் மிக அதிகம், நேரம் மிகக் குறைவு. சரியான எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே துண்டித்துவிடும். அந்தப் பொறியில் பஞ்சு, ஒட்டடை, எரிவாயு பற்றும். கட்டி அடுக்கிய அட்டை அவ்வளவு எளிதில் பற்றாது. மிகைச்சுமையில் வயர் முழு நீளத்துக்கும் சூடாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒன்றரை டன் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்து ஓட்டி, எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியரைக் கழற்றி 32 போட்டிருந்தால் இதைத் தேடலாம். இதன் தடயம் எரிந்த இடத்தில் மட்டும் இருக்காது. தீயே எட்டாத இடத்தில், குழாய்க்குள் ஓடும் அதே வயரைப் பிரித்துப் பார்த்தால் இன்சுலேஷன் உள்பக்கத்திலிருந்து இளகி, கம்பியிலிருந்து விலகித் தொளதொளவென்று நிற்கும். உண்மையான கசிவு என்பது ஈரம், அழுக்கு, எலி கடித்த இன்சுலேஷன் வழியாக எர்த்துக்குப் போகும் சிறு மின்னோட்டம். 300 மில்லி ஆம்பியர் கசிந்தாலே 230 வோல்ட்டில் 69 வாட். அது ஒரே புள்ளியில் மணிக்கணக்கில் இறங்கினால் மரத்தைக் கருக்கும். ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசிவதைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச்) இருந்து வேலை செய்திருந்தால் இந்த வாய்ப்பு பெருமளவு குறைந்துவிடும். ஆகவே அது இருந்ததா, எத்தனை மில்லி ஆம்பியர், ஒயரிங்கில் உண்மையிலேயே சேர்த்திருந்தார்களா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது லூஸ் கனெக்‌ஷன். அதிகம் தேட வேண்டியதும் அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். இறுக்கமான இணைப்பின் தடை மில்லி ஓம் கணக்கில் இருக்கும். திருகு தளர்ந்து, செம்பின் மேல் ஆக்சைடு படிந்து அது அரை ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு முனையில் 50 வாட் வெப்பம். கடையில் விற்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை பிளக் பாயிண்டுக்குள் வைத்து மூடியது போல. எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது. மின்னோட்டம் 10 ஆம்பியர்தானே. ஆர்சிசிபிக்கும் தெரியாது, எர்த்துக்கு எதுவும் போகவில்லை. மாதக்கணக்கில் அமைதியாகச் சுட்டுக்கொண்டிருக்கும்.

1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கில் நடந்ததின் வேர் இதுதான். தரைத்தளத்தில் இருந்த மின்வாரியத்தின் பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் காலை ஏழு மணிக்குச் சற்று முன் சிறு தீ பிடித்தது. முற்பகலில் பழுது பார்த்தார்கள். பி ஃபேஸ் கேபிளின் அலுமினிய சாக்கெட்டுகளை கேபிளோடு சேர்த்து நசுக்கி இறுக்கும் கிரிம்பிங் மெஷினில் வைத்து அழுத்தாமல், டையும் சுத்தியலும் கொண்டு அடித்துப் பொருத்தினார்கள். இணைப்பு தளர்வாகவே நின்று, பொறி விட்டு, மாலை ஐந்து மணியளவில் கேபிள் கழன்று, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் மேல் சரிந்தது. அதன் தகட்டில் (ஃபின்) துளை விழுந்து, எண்ணெய் கொட்டிப் பற்றிக்கொண்டது. 59 பேர் இறந்தார்கள். 'மின்கசிவு' என்று எழுதி மூடியிருந்தால் அந்தச் சுத்தியல் வெளியே வந்திருக்காது. இந்தத் தீயைப் பற்றிக் கீழே மீண்டும் பேசுகிறேன். அதில் இன்னொரு பாதி இருக்கிறது.

லூஸ் கனெக்‌ஷனின் தடயம் எங்கே நிற்கும்? பிளாஸ்டிக் எல்லாம் எரிந்துபோனாலும் பித்தளை மிஞ்சும். பிளக்கின் மூன்று பின்களையும் சாக்கெட்டுக்குள் இருந்த பித்தளைத் தகடுகளையும் தேடி எடுங்கள். வெளித் தீயில் வெந்திருந்தால் மூன்று பின்னும் ஏறக்குறைய ஒரே மாதிரி கறுத்திருக்கும். ஒரு பின் மட்டும் குழி விழுந்து அரிக்கப்பட்டு, அதைப் பிடித்த தகடு மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தால், சூடு அந்தத் தொடுமுனையில் பிறந்தது என்று யோசிக்க இடம் உண்டு. திருகின் இறுக்கத்தைக் கையால் சோதிக்காதீர்கள். ஒரு முறை திருப்பிவிட்டால் அந்தத் தடயம் போயிற்று. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

இனி அந்த உருண்டை. பத்து மடங்கு லென்ஸ் வைத்து, உருண்டைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள எல்லையைப் பாருங்கள். மின்பொறியில் உருகிய செம்பு ஒரு புள்ளியில் மட்டும் உருகும். உருண்டை முடிந்த இடத்தில் கம்பி சட்டென்று தன் பழைய வடிவத்தோடு தொடங்கும். பல இழை வயரானால் பக்கத்து இழைகள் தனித்தனியாகவே நிற்கும். தீயில் உருகியது அப்படி இருக்காது. நீண்ட தூரத்துக்கு மெலிந்து, தடித்து, கீழ்நோக்கி வழிந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் இங்கே ஒரு பெரிய வழுக்கல் இருக்கிறது. கூரை மின்விசிறியின் உறையோ அலுமினிய ஜன்னல் சட்டமோ 660 டிகிரியில் உருகிச் செம்பின் மேல் சொட்டினால் இரண்டும் கலந்து உலோகக்கலவை ஆகிவிடும். அந்தக் கலவை 548 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். வெள்ளியும் மஞ்சளும் கலந்த நிறத்தில், தொட்டால் நொறுங்குகிற முனையைப் பார்த்து மின்பொறி என்று எழுதியவர்கள் உண்டு. நிறம் மாறியிருந்தால் ஆய்வுக்கூடத்தில் அலுமினியம், துத்தநாகம் இருக்கிறதா என்று பார்க்காமல் எதுவும் சொல்லாதீர்கள்.

ஒரு சுற்றில் பல உருண்டைகள் கிடைத்தால், மின் ஊட்டத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது முதலில் வந்திருக்கலாம் என்பது பொதுக் கணக்கு. முன்பக்கம் அறுந்துபோனால் பின்பக்கம் மின்சாரம் இருக்காதல்லவா? இந்தக் கணக்கை ஒரு காலத்தில் மிகவும் நம்பினார்கள். இப்போது அதற்குத் தரும் எடை குறைந்துவிட்டது. துணைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கிடங்குக்குத் திரும்புவோம். முதல் வேலை, ஜேசிபியை உள்ளே விடாமல் நிறுத்துவது. சரிந்த கூரைத் தகடு, அதன் கீழே எரிந்த சரக்கு, அதன் கீழே தரை என்று இடிபாடு அடுக்கடுக்காகக் கிடக்கும். எது முதலில் விழுந்தது, எது பிறகு என்பதை அந்த அடுக்குதான் சொல்லும். ஒரு மணி நேரம் ஜேசிபி ஓடினால் அது மண்ணோடு கலந்துவிடும், திரும்பக் கிடைக்காது.

உள்ளே போவதற்கு முன் உயிர்ப் பாதுகாப்பு. மெயினை ஆஃப் செய்தாலும் யுபிஎஸ், இன்வெர்ட்டர் பேட்டரி, கூரை சோலார் பலகை ஆகியவற்றில் மின்சாரம் இருக்கும். தாங்கு கம்பி வளைந்த கூரையும், பிடிமானம் போன செங்கல் சுவரும் எந்த நேரத்திலும் சரியும். கரியும் சாம்பலும் ஆறியது போல் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வந்துகொண்டிருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு உடைந்து கிடந்தால் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் நடக்க வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது; தூசிக்கு வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். கார்பன் மோனாக்சைடை அந்த வடிகட்டியும் தடுக்காது.

அன்றைக்கே சேகரிக்காவிட்டால் அழிந்துபோகும் தகவல்கள் சில உண்டு. பலர் இவற்றை ஒரு வாரம் கழித்துக் கேட்கிறார்கள், அதற்குள் போய்விடுகின்றன. சிசிடிவி டிவிஆர் நனைந்திருந்தாலும் எரிந்திருந்தாலும் அதன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், ஆன் செய்து பார்க்காதீர்கள். பக்கத்துக் கடைகளின் கேமராவையும் கேளுங்கள். பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். பதிவை எடுக்கும்போது டிவிஆர் திரையில் தெரியும் நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்துக்கொள்ளுங்கள். டிவிஆர் கடிகாரம் பத்து நிமிடம் முன்பின்னாக ஓடுவது சாதாரணம். அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் "11.40-க்குப் புகை, 11.35-க்கு வாட்ச்மேன் வெளியே போனார்" என்ற கணக்கே தலைகீழாகி ஒருவர் மேல் பழி விழும். ஃபயர் அலாரம் பேனலில் எந்த டிடெக்டர் முதலில் அடித்தது என்ற பதிவு இருக்கும். துணை மின்நிலையத்தில், அந்தப் பகுதிக்கு மின்சாரம் தரும் ஃபீடர் லைன் எப்போது டிரிப் ஆனது என்ற குறிப்பு இருக்கும். இந்த நேரங்களை எல்லாம் ஒரே தாளில் வரிசைப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது.

மின்பலகையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு எம்சிபியையும் கிட்டத்தில் படம் எடுங்கள். எது ஆன், எது ஆஃப், எது டிரிப் ஆகி நடுவில் நிற்கிறது? யாரோ ஒருவர் "பாதுகாப்புக்காக" எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டார் என்றால் அவரைத் தேடிப்பிடித்து அதற்கு முன் எப்படி இருந்தது என்று கேளுங்கள். முதலில் வந்த தீயணைப்பு வீரர்களிடம் கேட்க வேண்டியவை: வந்தபோது தீ எங்கே மிகுதியாக இருந்தது, ஷட்டர் பூட்டியிருந்ததா, எதை உடைத்தீர்கள், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் அடித்தீர்கள். கதவைத் திறந்த நேரம் மிக முக்கியம். காற்று உள்ளே போன அந்த நொடியிலிருந்து தீயின் போக்கே மாறும்.

பிறகு சுற்றி நடங்கள். வெளியிலிருந்து உள்ளே, குறைவாக எரிந்த இடத்திலிருந்து அதிகம் எரிந்த இடத்துக்கு. சுவரில் வி வடிவக் கறை, புகைக்கரி கூட எரிந்து வெளுத்துப்போன திட்டு, தூண்களின் எந்தப் பக்கம் அதிகம் வெந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தில் அம்புக்குறியாகப் போடுங்கள். கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினால் பல இடங்களில் இளஞ்சிவப்பாகும். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் ஒரு வரைபடம்தான். பழைய குண்டு பல்பு மிஞ்சியிருந்தால் பாருங்கள், கண்ணாடி இளகி உப்பிய பக்கம் சூடு வந்த பக்கம். எல்இடி வந்த பிறகு இந்தச் சாட்சி அருகிவிட்டது.

ஆனால் 'அதிகம் எரிந்த இடமே தொடங்கிய இடம்' என்று முடிவுகட்டுவதில்தான் இந்தத் தொழிலின் மிக மோசமான தவறுகள் நடந்திருக்கின்றன. மூடிய அறையில் மேலே தேங்கும் புகைப்படலம் சுமார் 600 டிகிரியை எட்டும்போது, அதன் கதிர்வீச்சிலேயே அறையில் உள்ள எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இதை ஃபிளாஷ்ஓவர் என்கிறோம். அதற்குப் பிறகு தீக்குப் பற்றாக்குறை எரிபொருள் அல்ல, காற்று. ஆகவே கதவு, ஜன்னல் பக்கத்தில்தான் மிகக் கடுமையாக எரியும், தொடங்கிய மூலை குறைவாகவே எரிந்திருக்கும். 2005-இல் லாஸ் வேகஸில் அமெரிக்க அரசின் ஏடிஎஃப் அமைப்பைச் (தீவைப்பு, வெடிபொருள் குற்றங்களை விசாரிப்பது) சேர்ந்தவர்கள் இரண்டு அறைகளைக் கொளுத்தி, ஃபிளாஷ்ஓவருக்குப் பின் சுமார் இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தார்கள். பயிற்சிக்கு வந்திருந்த 53 புலனாய்வாளர்களிடம், அறையை நான்காகப் பிரித்து, தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று கேட்டார்கள். ஒவ்வொரு அறைக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டியிருந்தாலே சுமார் 13 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள்.

இதற்கு முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1990-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், லைம் ஸ்ட்ரீட் வீட்டுத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். தரையில் இருந்த கறைகளைப் பார்த்து, பெட்ரோல் ஊற்றப்பட்டது என்றே தோன்றியது. பக்கத்தில் அதே அமைப்பில் இடிக்கவிருந்த வீடு ஒன்று இருந்தது. அதேபோல் சோபா, விரிப்பு எல்லாம் போட்டு, எந்த எண்ணெயும் இல்லாமல் சோபாவைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். நாலரை நிமிடத்தில் ஃபிளாஷ்ஓவர். தரையில் அதே கறைகள். அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால் ஒரு மனிதரை மரண தண்டனை வழக்கில் நிறுத்தியிருப்பார்கள். டெக்சஸில் அப்படியே நடந்தது. 1991 டிசம்பர் 23 அன்று கோர்சிகானாவில் வீடு எரிந்து மூன்று பெண்குழந்தைகள் இறந்தார்கள். தரைக்கறையையும் கீறல் விழுந்த கண்ணாடியையும் காட்டி, தந்தையே கொளுத்தினார் என்றார்கள். 2004 பிப்ரவரி 17 அன்று கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்குத் தண்டனை நிறைவேறியது. அந்தச் சான்றுகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று பின்னர் தீ அறிவியல் வல்லுநர்கள் விரிவாக எழுதினார்கள். கண்ணாடியில் வலைபோல் கீறல் விழுவது வேகமாகச் சூடானதால் அல்ல, சூடான கண்ணாடியின் மேல் தண்ணீர் பட்டதால். சிமென்ட் தரை பொரிந்து உதிர்வது பெட்ரோலால் அல்ல, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிப்பதால். மரத்தில் முதலைத்தோல் போல் வெடித்து நிற்கும் பளபளப்பான பெரிய கரிக்கும் பெட்ரோலுக்கும் தொடர்பில்லை. இவற்றை இன்றும் அறிக்கைகளில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஏனென்றால் இந்த வரிகளுக்கு விலை கொடுப்பது எழுதியவர் அல்ல.

தொடங்கியிருக்கக்கூடிய பகுதியை இரண்டு மூன்று இடமாகச் சுருக்கிய பிறகுதான் தோண்டுவது. ஒரு மீட்டர்க்கு ஒரு மீட்டர் கட்டமாகக் கயிறு கட்டி எண் போடுங்கள். கரணையும் தூரிகையும் கொண்டு மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்து, சல்லடையில் சலித்து, கட்டம் வாரியாகத் தனி வாளியில் வையுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் அளவுகோல் வைத்துப் படம். ஒரு பொருளின் அடியில் தரை கருகாமல் சுத்தமாக இருந்தால், தீயின்போது அந்தப் பொருள் அங்கேயே இருந்தது என்று பொருள். இப்படித்தான் அட்டை அடுக்குகளின் இடங்களைத் திரும்ப வரைய முடியும்.

பெட்ரோல், தின்னர் ஊற்றப்பட்டதா என்ற ஐயம் இருந்தால் மாதிரி எடுக்கும் முறையில் கவனம் தேவை. சாதாரண பாலித்தீன் பை கூடாது. ஹைட்ரோகார்பன் ஆவி அதன் வழியே வெளியே போகும், வெளியிலிருந்து உள்ளேயும் வரும். பயன்படுத்தாத புதிய தகர டப்பா அல்லது மூடி இறுகும் கண்ணாடி ஜாடி. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே நிற்கும் ஆவியைத்தான் ஆய்வுக்கூடம் பிடிக்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. பெட்ரோல் ஜெனரேட்டரைத் தொட்ட கையோடு மாதிரியைத் தொட்டால் அந்த மாதிரி செத்தது. தரை விரிப்பின் எரிந்த பகுதியை எடுத்தால், ஊற்றியிருக்க வாய்ப்பே இல்லாத தூரத்திலிருந்து அதே விரிப்பின் ஒரு துண்டையும் ஒப்பீட்டுக்கு எடுங்கள். பிளாஸ்டிக்கும் நுரையும் வெந்தாலே பெட்ரோலில் இருக்கும் சில சேர்மங்கள் உண்டாகும். ஒப்பீடு இல்லாவிட்டால், ஆவியில் உள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராபி சோதனையின் முடிவைப் படிப்பவர் திணறுவார்.

இப்போது காரணம். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 921 என்ற தீ விசாரணை வழிகாட்டி நூல் சொல்லும் முறை இதுதான்: தரவைச் சேகரி, சாத்தியமான கருதுகோள்களை எல்லாம் எழுது, ஒவ்வொன்றையும் பொய்யாக்க முயற்சி செய், மிஞ்சுவதை மட்டும் வைத்துக்கொள். ஒரு காரணம் என்றால் அதில் மூன்று துண்டுகள் இருக்க வேண்டும்: போதிய வெப்பம் தந்தது எது, முதலில் பற்றிய பொருள் எது, இரண்டும் எப்படிச் சேர்ந்தன. 'மின்கசிவு' என்ற சொல்லில் முதல் துண்டு கூட முழுதாக இல்லை.

உங்கள் கிடங்குக்கு நான் எழுதும் பட்டியல் இப்படி இருக்கும். விளக்கு, பிளக், ஸ்டார்ட்டர் போன்ற மின் இணைப்புகள். ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர். அன்று வெல்டிங், கிரைண்டிங் நடந்ததா? பொறி 11 மீட்டர் வரை தெறிக்கும் என்று கணக்கு வைக்கிறோம். அட்டை இடுக்கில் விழுந்தால் கொழுந்து விடாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், அதனால்தான் வேலை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரம் காவல் நிற்கச் சொல்கிறோம். பீடி, சிகரெட். அலுவலக மூலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்த ஊதுபத்தியும் விளக்கும். வெள்ளிக்கிழமை வாசலில் ஏற்றிய திருஷ்டிக் கற்பூரம். தீபாவளிச் சமயமானால் ராக்கெட். மரச்சாமான் மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டிருந்தால் அது தானாகவே சூடேறிப் பற்றும். சரியாகக் காயாத கொப்பரை மூட்டைகள் இருந்தாலும் அப்படித்தான். கப்பல் சரக்கு விதிகளில் கொப்பரை தானாகச் சூடேறும் பொருள்களின் வகையில் இருக்கிறது. கடைசியாக, வேண்டுமென்றே வைத்தது.

இனி ஒவ்வொன்றையும் நேரத்தோடு மோதவிடுங்கள். வெல்டிங் மாலை ஆறுக்கு முடிந்து, முதல் புகை இரவு பதினொன்றரைக்கு என்றால் அது இயலாததல்ல. கனலும் தீக்கு அந்த நேரம் பிடிக்கும். பெட்ரோலுக்கு அது பொருந்தாது; ஊற்றிப் பற்றவைத்தால் கேமராவில் சில நொடிகளிலேயே வெளிச்சம் தெரியும். லூஸ் கனெக்‌ஷன் என்றால் அந்த இடத்தில் அப்போது மின்னோட்டம் ஓடியிருக்க வேண்டும். கிடங்கு பூட்டியபின் என்ன ஓடிக்கொண்டிருந்தது? ஒரு எல்இடி விளக்கு மட்டும் என்றால் சில நூறு மில்லி ஆம்பியர்தான். அரை ஓமில் ஒரு வாட் கூட வராது. அந்தக் கருதுகோள் அங்கேயே விழும். ஃபோர்க்லிஃப்ட் சார்ஜர் இரவெல்லாம் ஓடியது என்றால் எழுந்து நிற்கும். இப்படி எண்ணை வைத்து வீழ்த்தாமல், 'வேறு எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே மின்சாரம்தான்' என்று முடிப்பது முறையல்ல. 'வேறு எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே யாரோ கொளுத்தினார்கள்' என்பதும் அதே பிழைதான். எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன், மிஞ்சியது இதுதான் என்று நேரடிச் சான்றில்லாமல் சொல்லும் வாதத்தை என்எஃப்பிஏ 921 வெளிப்படையாகவே ஏற்க மறுக்கிறது.

தீப்பாதுகாப்புப் பொறியாளர் போலீசிடமிருந்தும் மின் ஆய்வாளரிடமிருந்தும் வேறுபடுவது கணக்கில். ஓர் எளிய கணக்கைக் காட்டுகிறேன். கிடங்கை ஒட்டிய அலுவலக அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், கதவு 0.9 க்கு 2.1 மீட்டர், திறந்திருந்தது. ஃபிளாஷ்ஓவருக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்? தாமஸ் சூத்திரப்படி, அறையின் உள்பரப்பை 7.8 ஆல் பெருக்கி, கதவின் பரப்பை அதன் உயரத்தின் வர்க்கமூலத்தாலும் 378 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். கதவு நீங்கலாக உள்பரப்பு சுமார் 64 சதுர மீட்டர்: 500. கதவுப் பங்கு சுமார் 1035. மொத்தம் ஏறக்குறைய 1,535 கிலோவாட். ஒரு நுரை மெத்தை சோபா தனியாகவே இதைத் தரும். ஒரு குப்பைக்கூடை தராது. 'குப்பைக்கூடையில் சிகரெட் விழுந்து அறை முழுதும் எரிந்தது' என்று ஒருவர் சொன்னால், கூடைக்கு அருகில் அடுத்துப் பற்றிய பொருள் என்ன என்று நீங்கள் கேட்பதற்கு இந்த எண் போதும். தீயும் புகையும் பரவுவதைக் கணக்கிடும் எஃப்டிஎஸ் போன்ற கணினி மாதிரிகள் இன்னும் விரிவாகப் போகும். ஆனால் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே தெரியாமல் ஓட்டினால் வண்ணப்படம் கிடைக்கும், விடை கிடைக்காது.

அடுத்த கேள்வி, பற்றிய தீ ஏன் அந்த அளவுக்கு வளர்ந்தது என்பது. என் பார்வையில் இந்தப் பாதிதான் பொறியாளருடையது, பெரும்பாலான அறிக்கைகளில் இல்லாததும் இதுதான். உபஹாரில் டிரான்ஸ்ஃபார்மர் தரைத்தளத்தில் எரிந்தது. இறந்தவர்கள் மேலே பால்கனியில் இருந்தார்கள். படிக்கட்டு புகைபோக்கியாக மாறியது. கூடுதல் இருக்கை போட்டு ஒரு பக்க வழியை அடைத்திருந்தார்கள். தீயின் காரணம் தளர்ந்த சாக்கெட்; சாவுக்குக் காரணம் அடைத்த வழி. லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 2017 ஜூன் 14 அன்று தொடங்கியது நான்காம் மாடிச் சமையலறையில் ஒரு ஃபிரிட்ஜ் அருகே. 72 உயிர்களைக் கொண்டுபோனது சுவருக்கு வெளியே ஒட்டிய பாலித்தீன் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையல்கூடத்தில் தொடங்கிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது கீற்றுக்கூரையாலும் நெருக்கமான வகுப்புகளாலும் வழியில்லாத படிக்கட்டாலும். அடுப்பு மட்டும்தான் காரணம் என்று அதை முடிக்க யாருக்கும் மனம் வருமா?

ஆகவே கிடங்கில் இவற்றையும் பாருங்கள்: ஸ்பிரிங்க்ளர் (சூட்டில் தானே திறந்து நீர் தெளிக்கும் குழாய்) இருந்தால் எத்தனை தலை திறந்தன, கண்ட்ரோல் வால்வு திறந்திருந்ததா பூட்டியிருந்ததா, பம்ப் பேனலின் செலக்டர் ஆட்டோவிலா மேனுவலிலா, அலாரம் பேனலில் சைலன்ஸ் அழுத்தியிருந்ததா, அட்டை அடுக்கு ஸ்பிரிங்க்ளர் தலையை எவ்வளவு நெருங்கியிருந்தது, தீக்கதவைக் கல் வைத்துத் திறந்து வைத்திருந்தார்களா, கேபிள் போகும் சுவர்த்துளைகளை அடைத்திருந்தார்களா. மூடிக்கிடந்த ஒரு வால்வு, தீ வைத்த கைக்குச் சமமான கண்டுபிடிப்பு.

கடைசியாக அந்த வயர். உருண்டைக்கு இருபுறமும் முடிந்தவரை நீளமாக, குறைந்தது முப்பது சென்டிமீட்டராவது விட்டு வெட்டுங்கள். நீங்கள் வெட்டிய முனையில் வண்ண டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பிறகு அதுவும் தடயமாகத் தெரியும். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள். எந்தச் சுற்று, எந்த எம்சிபி, தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று அட்டையில் எழுதிக் கட்டுங்கள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு முதல் நாளிலிருந்தே வேண்டும். அழிக்கும் சோதனை எதையும் காப்பீட்டு நிறுவனம், உரிமையாளர், கருவி விற்றவர் என எல்லாத் தரப்புக்கும் முன்கூட்டி எழுத்தில் சொல்லி, அவர்கள் முன்னிலையில் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் இரண்டு கருதுகோள் சமமாக நின்றால், 'காரணம் உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதுங்கள். அந்த இரண்டையும் பெயர் சொல்லி, எதற்கு எந்தச் சான்று, எதற்கு எது இல்லை என்று தனித்தனிப் பத்தியாக எழுதிக் கையெழுத்திடுங்கள். உருண்டையைப் பற்றி எழுத வேண்டிய வரி இதுதான்: 'ஏழாம் எண் கட்டத்தில் கிடைத்த வயரில் மின்பொறி உருகல் உள்ளது, தீ அவ்விடத்தை அடைந்தபோது அந்தச் சுற்றில் மின்சாரம் இருந்தது.' அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க வேண்டுமென்றால் வேறொரு சான்று கையில் இருக்க வேண்டும்.